பாண் ஒத்துவராவிட்டால் மூச்சு அடைக்குமா?

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குக் "குளூட்டன் ஒத்துவராது". ஒருத்தி மச்சாள், மற்றவன் தம்பி. மச்சாளுக்குப் பாண் சாப்பிட்டால் வயிறு ஊதும், உள்ளே கடமுடா என்று சத்தம் போடும், அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும் மனுசி யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்காது. தம்பிக்கு எப்போதாவது ஒருநாள் உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பும், பிறகு தானாகப் போய்விடும். போன வருசம் ஒரு கலியாண வீட்டில் ரோல்ஸ் தட்டு வந்தபோது மச்சாள் வேண்டாம் என்று தலையாட்ட, பக்கத்திலிருந்த மாமி ஒருவர், "கவனம் பிள்ளை, இது முற்றினா தொண்டை அடைச்சு ஆளையே கொண்டுபோயிடும், நான் போனிலே பார்த்தனான்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மச்சாளுக்கு நித்திரை இல்லை. தம்பி அதே தட்டில் இரண்டு ரோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு மூன்றாவதுக்குக் கை நீட்டினான்.

பயம் ஆள் மாறி விழுந்திருந்தது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கதைக்குக் கீழே வருகிறேன். நான் டொக்டர் இல்லை, வீட்டில் ஒரு சம்பவம் நடந்த பிறகு தேடித் தேடி வாசித்து, கிளினிக் வாங்கில் காத்திருந்து, கேள்வி கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட ஆள். அப்படித் தெரிந்துகொண்டதை, மாமிக்கே விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன்.

குளூட்டன் என்றால் என்ன என்பதை முதலில் கண்ணால் பார்த்துவிடலாம். அதற்கு லாப் தேவையில்லை, குசினி போதும். ஒரு கைப்பிடி கோதுமை மாவைத் தண்ணீர் விட்டு ரொட்டிக்குக் குழைப்பது போல இறுக்கமாகக் குழைத்து, அரை மணித்தியாலம் மூடி வைத்து, பிறகு ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் போட்டுப் பிசைந்து பிசைந்து கழுவுங்கள். தண்ணீர் பால் மாதிரி ஆகும், அது மாச்சத்து. ஊற்றிவிட்டு மறுபடி தண்ணீர் விடுங்கள். ஐந்தாறு தரம் கழுவிய பிறகு கையில் மிஞ்சுவது பழுப்பு கலந்த ஒரு சின்னக் கட்டி; சப்பித் துப்பிய சுவிங்கம் போல இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதுதான் குளூட்டன். இத்தாலியின் பொலோஞா நகரில் பெக்காரி என்ற அறிஞர் இதே கழுவல் வேலையைச் செய்து 1728 இல் விவரித்தார், 1745 இல் அது அச்சில் வந்தது. அரிசி மாவை இப்படிக் கழுவினால் கையில் ஒன்றும் மிஞ்சாது, எல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

கொத்துரொட்டிக் கடையில் அண்ணை ஒருவர் எண்ணெய் பூசிய மா உருண்டையை மேசையில் வீசி வீசிக் கடுதாசி போல மெல்லிசாக்குவாரே, அது கிழியாமல் நிற்பது இந்த இழுவையால்தான். கோதுமைக்குள் கிளையடின், குளூட்டெனின் என்று இரண்டு வகைப் புரதக் கூட்டங்கள் இருக்கின்றன. தண்ணீர் பட்டுக் குழையும்போது ஒன்றோடொன்று பின்னி வலை ஆகின்றன. பார்லியிலும், ரை என்ற தானியத்திலும் இவற்றின் ஒன்றுவிட்ட சகோதரங்கள் உண்டு. இரண்டு விசயத்தை மனதில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்: கிளையடின் என்ற பெயர், அப்புறம் இந்தக் கட்டி தண்ணீரில் கரையவில்லை என்பது.

இனி உடம்பின் பக்கம். "ஒத்துவராது" என்ற ஒரே சொல்லுக்குள் நாங்கள் குறைந்தது மூன்று வேறு வேறு வருத்தங்களைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். சமையல் பாத்திரம் ஒன்றுதான், ஆனால் உள்ளே வேகுவது வேறு.

முதலாவது சீலியாக். சிறுகுடலின் உட்சுவரில் துவாயின் நூல்கள் போலச் சடைமுளைகள் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படம் கீறியிருப்போம். சீலியாக் உள்ள ஆளின் உடம்பு குளூட்டனைக் கண்டதும் குழம்பி, தன் சொந்தக் குடலையே எதிரி என்று நினைத்து அந்தச் சடைமுளைகளை மெல்ல மெல்ல மழித்துவிடுகிறது. சாப்பாட்டை உறிஞ்சும் பரப்பு குறைந்தால் என்ன நடக்கும்? இரும்புச்சத்து ஏறாது, எவ்வளவு குளிசை கொடுத்தாலும் இரத்தச்சோகை போகாது, பிள்ளை என்றால் நிறை ஏறாது, உயரம் நின்றுவிடும், வளர்ந்தவர் என்றால் எலும்பு மெலியும். சிலருக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இருக்காது, இரத்தச்சோகை ஒன்றுதான் வெளியே தெரியும். உலக அளவில் ஏறக்குறைய நூறு பேருக்கு ஒருவருக்கு இது இருக்கிறது என்று கணக்கு. பரம்பரைப் பங்கும் உண்டு: டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகை இரண்டும் இல்லாதவருக்கு இது வருவது மிக மிக அரிது, ஆனால் அவை இருக்கிற பெரும்பாலானோருக்கும் இது வருவதில்லை. கோதுமைதான் காரணம் என்று பிடித்தவர் வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை வைத்தியர். அவருக்கு 1930களிலேயே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் அங்கே பாண் இல்லாமல் போனபோது ஊரே வாட, இந்த வருத்தம் இருந்த பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். பிறகு பாண் திரும்பி வர, வருத்தமும் திரும்பி வந்தது.

சீலியாக்கின் வேகத்தைக் கவனியுங்கள். கிழமை, மாதம், வருசம் என்று கணக்கு வைத்து அரிக்கும் வேலை அது.

இரண்டாவது கோதுமை அலர்ஜி. இது முழுக்க வேறு இயந்திரம். அலர்ஜி உள்ளவரின் உடம்பு கோதுமைப் புரதம் ஒன்றைப் பார்த்து, ஐஜிஈ என்ற வகைப் பிறபொருளெதிரியை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும். அந்த ஐஜிஈ தோலுக்கு அடியிலும் மூச்சுக்குழாயிலும் குடலிலும் இருக்கிற மாஸ்ட் கலங்கள் மேல் போய் ஒட்டிக்கொண்டு காவலுக்கு நிற்கும். அடுத்த தரம் அதே புரதம் உள்ளே வந்து தொட்டவுடன், அந்தக் கலங்கள் பொத்தி வைத்திருந்த ஹிஸ்டமின் முதலானவற்றை ஒரேயடியாகக் கொட்டிவிடும். நுளம்பு கடித்தால் வீங்கிச் சொறியுமே, அந்த வேலைதான், ஆனால் உடம்பு முழுக்க. தோலில் தடிப்பு, உதட்டில் வீக்கம், வாந்தி, மூச்சு இழுப்பு. இரத்தக் குழாய்கள் தளர்ந்து பிரஷர் விழுந்தால் ஆள் சரிந்துவிடுவார். இப்படி வேகமாகப் பரவி மூச்சையோ இரத்த ஓட்டத்தையோ பிடிக்கும் நிலைக்குத்தான் அனபிலக்ஸிஸ் என்று பெயர். மாமி போனில் பார்த்தது இதை. நிமிசக் கணக்கில், அதிகம் போனால் இரண்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கும், ஒரு விலக்கு மட்டும் உண்டு, அது தம்பியின் கதையில் வரும்.

மூன்றாவதுக்குச் சரியான பெயரே இல்லை. சீலியாக் சோதனையில் ஒன்றும் இல்லை, அலர்ஜி சோதனையிலும் ஒன்றும் இல்லை, ஆனால் பாண் சாப்பிட்டால் வயிறு சரியில்லை. இதைத்தான் "சீலியாக் அல்லாத குளூட்டன் உணர்திறன்" என்று நீட்டி முழக்குகிறார்கள். பெயரில் குளூட்டன் இருந்தாலும் பல பேரிடம் குற்றவாளி அது இல்லை. கோதுமையில் புருக்டன் என்ற ஒரு மாச்சத்து வகை இருக்கிறது, எங்கள் குடலுக்கு அதைச் செரிக்கத் தெரியாது, கீழே போய் பக்டீரியாவிடம் சிக்கி நொதித்து வாயுவாகும். 2013 இல் அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகக் குழு, தங்களுக்குக் குளூட்டன் ஆகாது என்று நம்பிய 37 பேருக்கு முதலில் இந்த நொதிக்கும் மாச்சத்துகளைக் குறைத்துவிட்டு, பிறகு அவர்களுக்குத் தெரியாமல் குளூட்டன் கொடுத்துப் பார்த்தது. குளூட்டனுக்கென்று தனியாக ஒரு விளைவும் தெரியவில்லை. 2018 இல் நோர்வேயில் 59 பேரிடம் குளூட்டன், புருக்டன், ஒன்றுமில்லாதது என்று மூன்று வகைத் தின்பண்டக் கட்டிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தபோது, அதிகம் வயிற்றைக் கலக்கியது புருக்டன்தான். இவர்கள் சும்மா நடிக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. வயிறு உண்மையிலேயே ஊதுகிறது, பழி மட்டும் தப்பான ஆள் மேல்.

சரி, மாமியின் கேள்வி. மூன்றாவது முற்றி இரண்டாவது ஆகுமா? சீலியாக் முற்றி அனபிலக்ஸிஸ் ஆகுமா? ஆகாது. கொட்டாஞ்சேனை பஸ்ஸில் ஏறியவர் எவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தாலும் கல்கிசையில் இறங்க முடியாது. வயிறு ஊதுவது ஐஜிஈ செய்கிற வேலை இல்லை, சீலியாக்கில் குடலை மழிப்பதும் ஐஜிஈ இல்லை. அந்தப் பாதைகள் எத்தனை வருசம் ஓடினாலும் மாஸ்ட் கலத்தின் வாசலுக்குப் போய்ச் சேர்வதில்லை. சீலியாக்கைக் கவனிக்காமல் விட்டால் கெடுதல் இருக்கிறது, நிறையவே இருக்கிறது, ஆனால் அது தொண்டை அடைக்கிற கெடுதல் இல்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். ஏனென்றால் "எனக்குக் குளூட்டன் ஒத்துவராது" என்று சொல்கிறவர்களில் ஒருசிலர் ஏறியிருப்பதே கல்கிசை பஸ்ஸில், பலகையைத்தான் யாரும் வாசிக்கவில்லை.

தம்பி அப்படித்தான். தடிப்பு எழும்பியது பற்றி ஓரிடத்தில் காட்டியபோது, ஒரு சோதனையும் எழுதாமல், "குளூட்டன் ஒத்துவரேல்லைப் போல, பாணைக் கொஞ்சம் குறையும்" என்று அனுப்பிவிட்டார்கள். அவனும் குறைத்தான், அதாவது நினைவு வந்த நாட்களில். கலியாணம் முடிந்து ஒரு மாதம் இருக்கும், காலையில் பாணும் பருப்பும் சாப்பிட்டான். முதல்நாள் கிரிக்கெட்டில் முழங்கால் பிடித்திருந்ததால் டிஸ்பிரின் (அஸ்பிரின்தான்) இரண்டும் போட்டுக்கொண்டான். நேரம் போய்விட்டது, காலி வீதியைக் கடந்து கடற்கரைப் பக்கம் வெள்ளவத்தை ஸ்டேஷனுக்கு ஒரே ஓட்டம். ரயில் தவறிவிட்டது. மேடையில் நின்று மூச்சு வாங்கும்போது உள்ளங்கை அரித்ததாம், காது இரண்டும் சுட்டதாம், கழுத்தைச் சொறிந்துகொண்டே கடலைப் பார்த்தால் கடல் கறுத்துக்கொண்டு வந்ததாம். அவ்வளவுதான் அவனுக்கு நினைவு. நல்ல மனிதர்கள் நாலு பேர் தூக்கிக் கதிரையில் நிமிர்த்தி இருத்தியிருக்கிறார்கள் (அது பிழை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்), ஒரு அக்கா 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்திருக்கிறார். தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் பிரஷர் திரும்பியது.

இதற்கு ஒரு நீளப் பெயர் இருக்கிறது: கோதுமையால் வந்து, உடலசைவால் தூண்டப்படும் அனபிலக்ஸிஸ். இதன் விநோதம் என்னவென்றால், கோதுமை மட்டும் என்றால் ஒன்றுமில்லை, ஓட்டம் மட்டும் என்றாலும் ஒன்றுமில்லை. இரண்டும் சில மணித்தியால இடைவெளிக்குள் சந்தித்தால்தான் பிரச்சினை. அதனால்தான் இரண்டு மணித்தியாலக் கணக்கு இங்கே பொருந்தாது. காலையில் சாப்பிட்டது ஓடத் தொடங்கும் வரை சத்தமில்லாமல் இருக்கும். ஓட்டத்தின் இடத்தில் சிலருக்கு அஸ்பிரின், ஐபுபுரோபன் போன்ற நோக்குளிசை வரும், சிலருக்கு மதுபானம், சிலருக்குக் காய்ச்சல், பெண்களுக்கு மாதவிலக்கு நாட்கள். இவை சேர்ந்தால் இன்னும் மோசம், தம்பிக்கு அன்று ஓட்டமும் டிஸ்பிரினும் ஒன்றாக வந்தன. உடலசைவும் அஸ்பிரினும் செரிக்காத கோதுமைப் புரதத்தை வழமையைவிட அதிகமாகக் குடலிலிருந்து இரத்தத்துக்குள் விடுகின்றன என்று நோயாளிகளின் இரத்தத்தை அளந்து பார்த்துக் காட்டியிருக்கிறார்கள்.

எந்தப் புரதம்? ஒமேகா 5 கிளையடின். ஆம், கையில் மிஞ்சிய அந்தச் சுவிங்கக் கட்டிக்குள் இருக்கிற கிளையடின் கூட்டத்தில் ஒன்று. குளூட்டனுக்கும் உயிரைப் பிடிக்கும் அலர்ஜிக்கும் உண்மையான தொடர்பு எங்கே என்று கேட்டால் விரலை வைக்க வேண்டிய இடம் இதுதான்: குளூட்டனின் ஒரு துண்டுக்கு எதிராகவே சிலர் ஐஜிஈ செய்து வைத்திருக்கிறார்கள். சீலியாக் முற்றி வந்ததில்லை இது, ஆரம்பத்திலிருந்தே அலர்ஜி. ஆனால் பார்வைக்குக் "குளூட்டன் ஒத்துவராமை" வேசம் போட்டுக்கொண்டு, சில நாள் வரும், பல நாள் வராது.

வேசம் சோதனையிலும் தொடரும், அதுதான் எனக்கு மிகவும் பிடித்த, மிகவும் பயம் தந்த பகுதி. தோலில் கீறிப் பார்க்கும் வழமையான கோதுமைச் சோதனைக்கான கரைசலை உப்புநீர் போன்றவற்றில் கரைத்து எடுப்பார்கள். நீங்கள் குசினியில் பார்த்தீர்களே, குளூட்டன் தண்ணீரில் கரையாது என்று? கிளையடினும் அப்படித்தான், ஆகவே கரைசலுக்குள் அது சரியாக வந்து சேராது, சோதனை "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிடலாம். ஜப்பானில் குஷிமோட்டோ, அவோக்கி என்ற இரு வைத்தியர்கள் 1985 இல் இப்படிப்பட்ட நோயாளிகளை விவரித்தபோது "முகமூடி போட்ட கோதுமை அலர்ஜி" என்ற பொருளில்தான் தலைப்பே வைத்தார்கள். இன்றைக்கு ஒமேகா 5 கிளையடினுக்கு என்றே தனி ஐஜிஈ இரத்தச் சோதனை இருக்கிறது. கேட்டால்தான் செய்வார்கள், அதனால் அந்தப் பெயரை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போவது நல்லது.

ஜப்பானைச் சொன்னதால் இன்னொன்று. அங்கே முகம் கழுவும் சவர்க்காரம் ஒன்றில், வழவழப்புக்காக உடைத்துக் கரைத்த கோதுமைப் புரதம் சேர்த்திருந்தார்கள். தினமும் முகத்தில் தேய்த்தவர்களுக்குத் தோல் வழியாக அலர்ஜி பழகி, அதுவரை நூடில்ஸும் பாணும் சாப்பிட்டுச் சும்மா இருந்தவர்கள் சாப்பிட்டதும் வீங்கத் தொடங்கினார்கள், சிலர் அனபிலக்ஸிஸ் வரை போனார்கள். 2011 இல் அந்தச் சவர்க்காரத்தைத் திரும்பப் பெற்றார்கள், பாதிக்கப்பட்டவர்கள் 2000 பேருக்கு மேல். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லாதவருக்கும் கோதுமை அலர்ஜி வரும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும். பேக்கரியில் வேலை செய்பவர்களுக்கு மாத்தூளைச் சுவாசித்தே இழுப்பு வருவதும் இதே ஐஜிஈ வகைதான். ரமாசினி என்ற இத்தாலிய வைத்தியர் 1700 இலேயே பேக்கரிக்காரரின் இருமலைப் பற்றி எழுதியிருக்கிறார்.

குழப்பம் மறுபக்கமும் நடக்கும். சீலியாக் என்று உறுதியாகி, மாதக்கணக்கில் குளூட்டனைத் தொடாமல் இருந்த ஒருவர் தெரியாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டால், ஓரிரு மணித்தியாலத்தில் பலமாக வாந்தி எடுக்கலாம். பார்ப்பவர்கள் "அலர்ஜி!" என்று கத்துவார்கள். தடிப்பு இல்லை, வீக்கம் இல்லை, இழுப்பு இல்லை என்றால் அது பெரும்பாலும் சீலியாக்கின் கோபம், ஐஜிஈ அங்கே இல்லை. முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் சின்னச் சின்னக் கொப்புளமாக வந்து விடாமல் அரிக்கும் ஒரு தோல் வருத்தமும் சீலியாக்கோடு வரும், அதையும் அலர்ஜி என்று நினைத்துக் கிறீம் பூசிக்கொண்டே வருசத்தைக் கழிப்பவர்கள் உண்டு. இரண்டு வருத்தமும் ஒரே ஆளுக்கு இருக்கவும் கூடும், இல்லை என்று சட்டம் ஒன்றும் இல்லை.

பிள்ளைகளின் கோதுமை அலர்ஜி பெரும்பாலும் வளர வளரப் போய்விடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வளர்ந்த பிறகு வரும் ஒமேகா 5 வகை அப்படிச் சுலபமாகப் போகாது.

இனி கொழும்புச் சாப்பாடு. "நாங்கள் சோறு சாப்பிடுகிற ஆட்கள், எங்களுக்கு என்ன குளூட்டன்" என்று சொல்பவர்கள், வெள்ளை இடியப்பத்தை எதில் பிழிகிறார்கள் என்று கடையில் ஒருதரம் கேளுங்கள். அவித்த கோதுமை மா. புட்டுக்கும் அரிசி மாவோடு அதைக் கலப்பது எங்கள் வீடுகளிலேயே வழமை, யாழ்ப்பாணத் தோசைக்கும் உழுந்தோடு கோதுமை மா போகும், கடை அப்பத்துக்குள்ளும் போகலாம். ரவை கோதுமை, சேமியா கோதுமை, ஆகவே கேசரியும் பாயாசமும் கணக்கில் வரும். பெருங்காயக் கட்டியில் பிடிப்புக்குக் கோதுமை மா சேர்ப்பது உண்டு, அப்படியென்றால் சாம்பாரையும் கவனிக்க வேண்டும். சோயா சோஸ் என்ற பெயரில் சோயா இருந்தாலும் அதைக் காய்ச்சுவதில் கோதுமைக்கும் பங்கு உண்டு. மோல்ட் பானங்களில் பார்லி. கொத்துரொட்டிக் கடையில் "எனக்கு இடியப்பக் கொத்து போடுங்கோ" என்று கேட்டு, அரிசி இடியப்பமே கிடைத்தாலும், அதே தட்டில் அதே தகட்டால்தான் கொத்துவார்கள். கோதுமை விளையாத நாட்டில் கோதுமை இப்படி எல்லாவற்றுக்குள்ளும் புகுந்திருப்பது ஒரு தனிக் கதை.

"குளூட்டன் ஃப்ரீ" என்று போட்ட வெளிநாட்டுப் பக்கெற்றுகளில் ஒரு பொறி இருக்கிறது. சர்வதேச அளவு, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது. குளூட்டனைக் கழுவி எடுத்த கோதுமை மாச்சத்தை வைத்தும் அந்த அளவுக்குள் நிற்கலாம். சீலியாக் உள்ளவருக்கு அது போதும், ஆனால் கோதுமை அலர்ஜி உள்ளவர் அந்தப் பெயரை மட்டும் நம்பாமல் பின்பக்கத்தில் கோதுமை என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும்.

சோதனைக்குப் போவதற்கு முன்னால் எல்லோரும் செய்கிற பிழை பாணை நிறுத்துவது. சீலியாக்குக்கான முதல் சோதனை டிடிஜி என்ற இரத்தப் பரிசோதனை, கூடவே ஐஜிஏ என்ற இன்னொரு வகைப் பிறபொருளெதிரியின் மொத்த அளவும் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் கமரா விட்டுச் சிறுகுடலில் துண்டு எடுப்பார்கள். இவை எல்லாம் நீங்கள் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். மூன்று மாதம் நிறுத்திவிட்டுப் போனால் குடல் ஆறத் தொடங்கி, இரத்தமும் நல்ல பிள்ளை போல இருக்கும், வருத்தம் இருந்தும் இல்லை என்று வரலாம். ஆனால் தடிப்பு, வீக்கம், இழுப்பு, மயக்கம் ஏதாவது ஒன்று நடந்திருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம், சாப்பிட்டுப் பார்த்துச் சோதிக்கிற வேலை வீட்டில் கூடவே கூடாது, நேரே அலர்ஜி பார்க்கிற வைத்தியரிடம் போக வேண்டும். பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம், எம்.ஆர்.ஐ என்று எல்லோரும் சொல்வது, அங்கே நோயெதிர்ப்புப் பிரிவு இருக்கிறது. உங்கள் வைத்தியர் கடிதம் தந்து வழி காட்டுவார். அப்புறம், நூறு சாப்பாட்டுக்கு ஒரே இரத்தத்தில் ஐஜிஜி என்ற வேறொரு வகைப் பிறபொருளெதிரியைப் பார்த்துச் சிவப்புப் பச்சைப் பட்டியல் தருகிறோம் என்று விற்கிறார்களே, அதற்குக் காசைக் கொட்ட வேண்டாம். ஐஜிஜி என்பது நீங்கள் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதற்குத்தான் அத்தாட்சி, அலர்ஜிக்கு இல்லை.

வைத்தியர் முதலில் கேட்பது சோதனை முடிவை இல்லை, நேரத்தை. என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, பிறகு என்ன செய்தீர்கள், நடந்தீர்களா, ஓடினீர்களா, என்ன குளிசை போட்டீர்கள். தடிப்பு எழும்பினால் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், கிளினிக் நாளில் அது நிச்சயம் மறைந்திருக்கும். தம்பியின் வழக்கை உடைத்தது "டிஸ்பிரின் போட்டனான்" என்று அவன் முணுமுணுத்த அந்த ஒரு வரிதான்.

அனபிலக்ஸிஸ் என்று சந்தேகம் வந்தால் மருந்து ஒன்றே ஒன்று: அட்ரினலின், தொடையின் வெளிப்பக்கத் தசையில். பிரிட்டோன் என்ற அலர்ஜிக் குளிசை அரிப்பைக் குறைக்கும், விழுகிற பிரஷரையும் அடைக்கிற மூச்சுக்குழாயையும் அதனால் பிடிக்க முடியாது, அதைக் கொடுத்துவிட்டு "கொஞ்சம் பார்ப்போம்" என்று இருப்பதில்தான் நேரம் போகும். ஆளை நிமிர்த்தி இருத்தவோ நடத்தவோ கூடாது, படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும். பிரஷர் விழுந்த ஆளை நிமிர்த்தினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் இன்னும் குறையும். மூச்சுத் திணறல்தான் பெரிதாக இருந்தால் கால் நீட்டிச் சாய்ந்து இருக்க விடலாம், வாந்தி வந்தால் ஒருபக்கமாகத் திருப்ப வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், "அலர்ஜி, மூச்சு எடுக்கக் கஷ்டம்" என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். தேறிவிட்டார் என்று உடனே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரவும் கூடாது, சில மணித்தியாலம் கழித்து இரண்டாவது அலை வருவதுண்டு. தம்பி இப்போது ஊசி வைத்திருக்கிறான், எப்படிப் போடுவது என்று வைத்தியர் காட்டிக் கொடுத்ததை எங்கள் எல்லோரையும் சுவரோரம் நிற்க வைத்துப் பழக்கினான்.

மச்சாளுக்கு டிடிஜி சரி, ஐஜிஈயும் சரி. சந்தோசப்படுவாள் என்று பார்த்தால், "அப்ப எனக்கு என்னதான் வருத்தம்" என்று கோபம். ஒரு கிழமை சாப்பிட்டதையெல்லாம் எழுதச் சொன்னார்கள். கொப்பியை நானும் பார்த்தேன். பட்டர் பூசிய பாண் சாப்பிட்ட அன்று ஒன்றும் பெரிதாக இல்லை. வெள்ளிக்கிழமை சீனிச் சம்பல் பணிஸ் இரண்டு, இரவு முழுக்க வயிறு. ஞாயிற்றுக்கிழமை பாண் இல்லவே இல்லை, அரிசி மா இடியப்பமும் சீனிச் சம்பலும், அதற்கும் அதே கூத்து. சீனிச் சம்பல் என்றால் கிலோக் கணக்கில் வெங்காயத்தை வதக்கிச் சுண்டவைப்பது, வெங்காயத்தில் புருக்டன் நிறையவே இருக்கிறது. இதைச் சொன்னபோது மச்சாள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாணை விடுவதென்றாலும் விட்டிருப்பேன், சீனிச் சம்பலை எப்படி விடுவது என்று கேட்டாள்.